கடுதாசிப் பிள்ளை

இலந்தைத்தேரி புனித சூசையப்பர் தொடக்கப் பள்ளியின் நான்காம் வகுப்பில் இருபத்தாறு பிள்ளைகள் என்று பதிவேடு சொல்லிக்கொண்டிருந்த ஓர் ஐப்பசித் திங்கட்கிழமை காலையில், பவுலீனா டீச்சர் இருபத்தாறாவது பெயரையும் கூப்பிட்டு முடித்துப் பதிவேட்டை மூடப் போன நேரத்தில், பெண்பிள்ளைகள் பக்கம் இரண்டாவது பெஞ்சின் கோடியிலிருந்து, யாரும் கூப்பிடாமலேயே, "உள்ளேன் டீச்சர்" என்று ஒரு குரல் வந்தது. அங்கே பத்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண்பிள்ளை உட்கார்ந்திருந்தது. அதன் இரட்டைச் சடையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்துப் பிள்ளை தன் நோட்டு நனையாமல் இருக்க அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டது.

"யாருட்டி நீ?" என்றாள் பவுலீனா.

"அன்புள்ள டீச்சருக்கு, என் பெயர் செலஸ்தீனாள். நான் நன்றாகப் படிக்கிறேன். எனக்குப் பூத்தொடுக்கப் பிடிக்கும். எங்கள் ஊரில் மழை நன்றாகப் பெய்கிறது."

இலந்தைத்தேரியில் மூன்று வருடமாக மழை இல்லை. பனைமரங்களே தாகத்தில் நிற்கிற செம்மண் தேரி அது. ஆனாலும் பிள்ளைகள் யாரும் சிரிக்கவில்லை, வாத்தியார் முன்னால் பிள்ளைகள் அப்படித்தான் பேசும் என்று அவர்களுக்குத் தெரியும். பவுலீனா மட்டும் மூடப் போன பதிவேட்டை மறுபடி விரித்து மேலிருந்து கீழே பார்த்தாள். அந்தப் பெயர் உலகத்தில் மூன்று பேருக்குத்தான் தெரியும் என்று அவள் நினைத்திருந்தாள். ஒருத்தி அவள். இன்னொருவர் பழைய பங்குச்சாமி, அவர் செத்துக் கல்லறைக்குப் போய் மூன்று வருடமாகிறது. மூன்றாவது ஆஸ்திரியா தேசத்து மலைக் கிராமம் ஒன்றில் ரொட்டிக்கடை வைத்திருந்த ஹெட்விக் என்ற கிழவி.

இலந்தைத்தேரி போன்ற ஊர்களில் கோயிலும் பள்ளிக்கூடமும் எதனால் நிற்கின்றன என்று கேட்டால், விசுவாசத்தால் என்பார் உபதேசியார் சந்தியாகு. பவுலீனாவைக் கேட்டால் கடிதத்தால் என்பாள். மணிக்கூண்டு மணி ஒரு பெல்ஜியக்காரர் கொடுத்தது, பீடத்து மார்பிள் துபாய்க்குப் போன பையன்கள் கொடுத்தது, கோயில் டியூப்லைட்டுகளில் உபயம் செய்தவர் பெயரைப் பெயின்டில் எழுதியது போக மிச்சமிருக்கிற இடத்தில்தான் வெளிச்சம் வரும். பள்ளியை ஒட்டிய விடுதியில் ஊர்க் குடும்பங்களின் முப்பத்தொரு பெண்பிள்ளைகள். ஒவ்வொரு பிள்ளைக்கும் வெளிநாட்டில் ஒரு தத்துத்தாயோ தகப்பனோ உண்டு. கிறிஸ்துமஸுக்கு ஒன்று, ஈஸ்டருக்கு ஒன்று என்று வருடத்துக்கு இரண்டு நன்றிக் கடிதம் போக வேண்டும். பிள்ளைகள் ஒரு தாமரையோ தென்னைமரமோ வரைந்து கையெழுத்துப் போடும், மிச்சமெல்லாம் பவுலீனா எழுதுவாள். பதினெட்டு வருடமாக அவள்தான் எழுதுகிறாள். எவ்வளவு கஷ்டம் எழுத வேண்டும், எவ்வளவு சந்தோஷம் எழுத வேண்டும் என்கிற பக்குவம் அவளுக்குக் கைவந்திருந்தது. கஷ்டம் கூடிவிட்டால் பயந்துவிடுவார்கள், சந்தோஷம் கூடிவிட்டால் இனிமேல் தேவையில்லை என்று நினைத்துவிடுவார்கள்.

நாலு வருடத்துக்கு முன்னால் ஹெட்விக் அம்மையாரின் தத்துப்பிள்ளை, அப்பா அம்மாவோடு செங்கல்சூளைக்குப் போய்விட்டது. பிள்ளை போனால் பணமும் நிற்கும் என்பது சட்டம். அந்த அம்மாள் மற்றவர்களைப்போல அல்ல, ஒரு பிள்ளையின் பெயரில் அனுப்பியதில் முப்பத்தொரு பிள்ளைகளும் சோறு சாப்பிட்டார்கள். "இன்னொரு பிள்ளை வந்திருக்குன்னு எழுதுங்க டீச்சர், தை மாசத்துக்குள்ள ஒண்ணு வராமலா போயிரும்?" என்றார் பழைய சாமி. பவுலீனா எழுதினாள். செலஸ்தீனாள் என்று பெயர் வைத்தாள். ஊர்வலத்தில் வெயிலுக்குக் கையால் முகத்தை மறைத்த ஏதோ ஒரு பிள்ளையின் போட்டோவைச் சேர்த்து அனுப்பினாள். தை வந்தது, பிள்ளை வரவில்லை. சாமி செத்தார், கடிதம் சாகவில்லை.

இந்த ஐப்பசியில் அம்மையாரிடமிருந்து கடிதம் வந்தது. எனக்கு எழுபத்தொரு வயது, முழங்கால் முழுசாக மக்கர் பண்ணுவதற்குள் ஜனவரியில் வந்து என் செலஸ்தீனாளைப் பார்க்க வேண்டும் என்று. பவுலீனா மூன்று நாள் தூங்கவில்லை. நாலாம் நாள், ஒரு வெள்ளிக்கிழமை, பத்து நாள் காய்ச்சலில் பிள்ளை இறந்துவிட்டது என்று எழுதி, மருத்துவர்கள் எவ்வளவோ முயன்றார்கள் என்று சேர்த்து, தபாலாபீசில் தன் கையாலேயே ஒட்டிப் போட்டாள். பாரம் இறங்கினதுபோல் இருந்தது. பிள்ளை திங்கட்கிழமை வந்து உட்கார்ந்துவிட்டது.

ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டதென்றால், ஊருக்குத் தெரிந்த ஒரே விதத்தில், சந்தேகமாக எடுத்துக்கொண்டது. எங்கிருந்து முளைத்தது என்று யாரும் ஆச்சரியப்படவில்லை, யார் அனுப்பியது என்றுதான் கேட்டார்கள். பிஷப்பின் மேற்றிராசனத்திலிருந்து பள்ளிக்கூடக் கணக்கை உளவு பார்க்க அனுப்பிய பிள்ளை என்றார் உபதேசியார். பீடி சுற்றுகிற பெண்கள் மடியிலிருந்த தட்டில் நிறுத்தாமல் சுற்றிக்கொண்டே, புதுச்சாமி பெர்க்மான்ஸுக்கு வயது முப்பத்துநாலுதான் என்பதை ஒருத்திக்கொருத்தி ஞாபகப்படுத்திக்கொண்டார்கள். பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தார் நம் பள்ளியைக் கெடுக்க விட்டது என்றார்கள் சிலர். பெர்க்மான்ஸ் சாமியோ, டீச்சர் தன் சொந்தக்காரப் பிள்ளை ஒன்றைக் கமுக்கமாகக் கொண்டுவந்து விடுதிச் சாப்பாட்டில் சேர்த்துவிட்டாள் என்று நினைத்தார், நினைத்ததை நாகரிகமாகக் கேட்கவும் செய்தார். பவுலீனா சாமியைச் சந்தேகப்பட்டாள். பழைய கடித நகல்களைச் சாமி எப்படியோ படித்துவிட்டார், தன்னை மாட்டவைக்க எங்கேயோ ஒரு பிள்ளையைப் பிடித்து மனப்பாடம் பண்ணவைத்திருக்கிறார் என்று.

"ஒன் அம்மை எங்கட்டி?" என்று பீடிக்கார ரெஜினாள், பிள்ளையைத் தெருவில் மடக்கிக் கேட்டாள்.

"அம்மா உங்களுக்கு வணக்கம் சொல்லச் சொன்னார்கள். அம்மா இறந்து இரண்டு வருடமாகிறது."

"ரெண்டுல எது நெசம்?"

பிள்ளை இரண்டும்தான் என்பதுபோலப் பார்த்தது. பவுலீனா ஒரு கிறிஸ்துமஸுக்கு அதன் தாயைக் கொன்றிருந்தாள், மறு ஈஸ்டருக்கு மறந்துபோய் வணக்கம் சொல்லவைத்திருந்தாள்.

சாயங்காலம் ஆறு மணியானால், தெருவானாலும் குழாயடியானாலும், பிள்ளை இருந்த இடத்தில் முழந்தாளிட்டு, ஹெட்விக் அம்மையாரின் முழங்காலுக்காக ஜெபித்தது. தினமும் உங்களுக்காக ஜெபிக்கிறேன் என்று முப்பத்தொரு பிள்ளைகளின் பெயரிலும் கடிதம் போயிருந்தது, ஒரு பிள்ளைகூட ஜெபித்ததில்லை. விடுதிப் பிள்ளைகளுக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் தலைமுடித் தண்ணீர் எல்லோருக்கும் பிடித்துப்போனது. குழாய் நாலு நாளைக்கு ஒரு தடவை வருகிற ஊரில், பிழியப் பிழிய வற்றாத இரண்டு சடை சாமானியமில்லை. முதலில் கோழிக்கு வைத்துப் பார்த்தார்கள், கோழி சாகவில்லை. பிறகு கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றினார்கள், செடி துளிர்த்தது. அதற்குப் பிறகுதான் ரெஜினாள் தன் வீட்டுக் குடத்தைக் கொண்டுவந்தாள், அப்போதும் உபதேசியார் வீட்டுக்குப் பிறகுதான் நமக்கு வருகிறது, அவர் பிழிந்த பிழியில் சத்தெல்லாம் போயிருக்கும் என்று முணுமுணுத்தாள். இரண்டு வாரத்துக்குள், வரிசையில் நிற்பதும் சண்டை போடுவதும், பிள்ளையைக் கடுதாசிக்காரி மாதிரி பேசுகிறாளே என்று கேலி செய்வதும் ஊர்வழக்கமாகிவிட்டது.

பெர்க்மான்ஸ் சாமிக்கும் நிம்மதி. அம்மையாரின் கடிதம் அவர் மேசைக்குத்தான் முதலில் வந்தது, அதில் இருந்த பெயரும் பிள்ளையின் பெயரும் ஒன்றாக இருந்தன, அதற்குமேல் அவர் துருவவில்லை. "ஜனவரிக்குத் தோரணம் கட்டணும் டீச்சர், ஒரு வரவேற்பு நடனம் பழக்கிவிடுங்க" என்றார். பவுலீனா தலையை ஆட்டினாள். வெள்ளிக்கிழமைக் கடிதத்தைப் பற்றி அவள் யாரிடமும் மூச்சுவிடவில்லை.

இரண்டாவது வாரம் வியாழக்கிழமை, பிள்ளைகள் சத்துணவுக்குப் போன நேரத்தில், அவள் செலஸ்தீனாளை மட்டும் வகுப்பில் நிறுத்திவைத்துக் கதவைச் சாத்தினாள். அவளிடம் இரண்டு கேள்விகள் இருந்தன. கடித நகல்களைத் திருடிப் படித்த எவனோ சொல்லிக்கொடுத்த பிள்ளையென்றால் மாட்டிக்கொள்ளும் கேள்விகள்.

"ஒன் ஆட்டுக்குட்டி பேரு என்ன?" ஆட்டுக்குட்டி ஒன்றை எழுதி, அதிகப்படி என்று தோன்றி, அனுப்பாமல் நகல்களோடு போட்டுவைத்திருந்தாள்.

"என்னிடம் ஆட்டுக்குட்டி இல்லை டீச்சர்."

"போன ஈஸ்டருக்கு, கடுதாசி ஓரத்துல என்ன எழுதியிருந்தேன்?" அது நகலில் கிடையாது. தபாலாபீஸ் மேசையில் நின்றுகொண்டு, உறையை ஒட்டுவதற்குமுன், ஏதோ தோன்றி எழுதியது.

"அம்மா, உங்கள் ஊரில் பனி விழும்போது வாசலில் வழுக்கிவிடாமல் நடங்கள். உங்களுக்கு யாராவது கை கொடுக்கிறார்களா?"

அந்த வரியைப் பவுலீனா மெய்யாகவே நினைத்து எழுதியிருந்தாள். நாற்பத்தாறு வயதில் ஒண்டியாக, வழுக்கினால் கை கொடுக்க ஆளில்லாத ஒருத்தி எழுதின வரி அது. தபாலில் போனது மட்டும்தான் இந்தப் பிள்ளைக்குத் தெரிகிறது. அப்படியானால் வெள்ளிக்கிழமைக் கடிதமும் தெரியும்.

"கடைசிக் கடிதத்தில் நான் இறந்துவிட்டேன்," என்றது பிள்ளை, பூத்தொடுக்கப் பிடிக்கும் என்று சொன்ன அதே குரலில். "பத்து நாள் காய்ச்சல். மருத்துவர்கள் எவ்வளவோ முயன்றார்கள்."

"எப்ப?"

"அவர்கள் பிரித்துப் படிக்கும்போது."

"பெறவு ஏன்ட்டி இங்க வந்தே? ஏன் எங்கிட்ட வந்தே?"

பிள்ளையின் சடையிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டிக்கொண்டேயிருந்தது. "அதைப் பற்றி நீங்கள் எழுதவில்லை டீச்சர்," என்றது.

அதுவரை மாட்டிக்கொள்வோமே என்று பயந்திருந்தவள் பவுலீனா. அந்த நிமிடத்திலிருந்து அவள் பயந்தது பிள்ளைக்காக. அது அவளுக்கே வெட்கமாக இருந்தது, ஏனென்றால் இப்படி ஒரு பயம் யாருக்காகவும் அவளுக்கு வந்ததில்லை. தபாலாபீசுக்கு ஓடினாள், வெளிநாட்டுத் தபால் பதினைந்து நாளில் போய்ச் சேரும், அதைத் திரும்ப வாங்க வழியில்லை என்றார்கள். சனிக்கிழமை காலையில் பதினைந்து நாள் ஆனது. பிள்ளையின் நெற்றி சுட்டது. சடைத் தண்ணீர் வெந்நீராக வந்தது, அன்று வரிசையில் நின்றவர்கள் அதையும் குளிக்க ஆகும் என்று பிடித்துக்கொண்டு போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமைத் திருப்பலியில், எல்லோரும் நற்கருணை நன்மை வாங்கி முடிந்து சாமி அறிவிப்புகளை வாசித்துக்கொண்டிருந்தபோது, பவுலீனா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள். வாசகம் வாசிக்கப் பதினெட்டு வருடமாக நிற்கிற இடத்தில் போய் நின்றாள். ஒன்று விடாமல் சொன்னாள். பிள்ளையை எழுதினது, சூளைக்குப் போன பிள்ளையின் பணத்தை வாங்கினது, பிறகு எழுதியே கொன்றது, இன்றைக்கோ நாளைக்கோ ஒரு கிழவி உறையைப் பிரித்ததும் அது நடந்துவிடப் போவது, எல்லாவற்றையும். சொல்லிவிட்டு, "எனக்கு ஒங்க ஒத்தாச வேணும்" என்றாள்.

கடிதத்தில் எழுதினது எப்படி எழுந்து நடமாடும் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. ரெஜினாள்தான் முதலில் எழுந்தாள்.

"டீச்சர், எம் மவளுக்கு என்ன எழுதுனிய?"

"அவளுக்கென்ன, நல்லாத்தான்..."

"இல்ல, சொல்லுங்க. எங்களப் பத்தி என்ன எழுதுனிய?"

கோயிலுக்குள் பொய் சொல்ல முடியாமல் பவுலீனா சொன்னாள். "அப்பா குடிக்காருன்னு."

"எப்ப எழுதுனிய?"

"மூணு வருசம் இருக்கும்."

ரெஜினாள் விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். "எங்க வீட்டுக்காரரு ரெண்டு வருசமாத்தான் குடிக்காரு," என்றாள் மெதுவாக.

அதற்குப் பிறகு கோயில் கோயிலாக இல்லை. எங்க வீட்டுக் கூரை ஒழுகுதுன்னு எழுதுனியா, எங்க மாமாவுக்குக் கண்ணு தெரியாதுன்னு எழுதுனியா, எம் பிள்ளைக்கு ரத்தம் இல்லன்னு எழுதுனியா என்று முப்பத்தொரு வீடும் எழுந்துகொண்டது. எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றாள் பவுலீனா. ஊரின் எல்லா ஓட்டையும் அன்றைக்கு அவள் பேனாவால் விழுந்த ஓட்டையானது. அவள் எழுதுவதற்கு முன்னாலேயே ஒழுகிக்கொண்டிருந்த கூரைக்காரர்கள்கூட அவளைத்தான் பார்த்தார்கள். "மழையும் நீதான் நிறுத்துன, மழை பேயுதுன்னு எழுதி அங்கிட்டு அனுப்பிட்ட" என்றார் ஒரு கிழவர். ஒரு தாய் மட்டும் பக்கத்தில் வந்து, "எம் மவ நர்சாவான்னு எழுதுனியளாமே, அத அழிச்சிராதிய" என்று காதில் சொல்லிவிட்டுப் போனாள். பவுலீனா அழுதாள். தன்னை நினைத்தல்ல, இத்தனை வருடமும் இத்தனை பேரை ஒரு வார்த்தை கேட்காமல் எழுதியிருக்கிறோமே என்று அழுதாள்.

"அழுகையெல்லாம் பெறவு வச்சிக்கிடலாம்," என்றார் உபதேசியார். "ஒங்க கத நெசமோ பொய்யோ, எனக்கு நம்பிக்கையில்ல. ஆனா பிள்ளைக்குச் சுடுது, நான் தொட்டுப் பாத்தேன். போனப் போடுங்க."

சாமியின் பங்களாவில் போன் இருந்தது. பெர்க்மான்ஸ் சாமி எண்களைச் சுழற்றினார், ஜன்னலுக்கு வெளியே ஊரே நின்றது, செலஸ்தீனாள் நாற்காலியில் போர்வையோடு உட்கார்ந்திருந்தாள். நாலாவது முயற்சியில் அந்தப் பக்கம் எடுத்தார்கள். பவுலீனா தன் இங்கிலீஷில் சொன்னாள், ஹெட்விக் அம்மையார் தன் இங்கிலீஷில் கேட்டார். கோயிலில் சொன்னதைவிட இது கஷ்டமாக இருந்தது, ஏனென்றால் அந்தப் பக்கம் முகம் இல்லை.

"கடிதம் நேற்று வந்தது," என்றார் அம்மையார். "மேசைமேல் இருக்கிறது. பிரிக்கவில்லை."

"ஏன் அம்மா?"

"கனமில்லாமல் இருக்கிறது. உங்கள் கடிதத்தில் எப்போதும் ஒரு தாமரைப் படம் இருக்கும். இதில் ஒற்றைத் தாள்தான் இருக்கிறது. ஒற்றைத் தாள் கடிதம் எனக்கு ஆஸ்பத்திரியிலிருந்துதான் வந்திருக்கிறது, அதில் நல்லது இருந்ததேயில்லை. நான் சந்தேகப்படுகிற ஆள்."

பவுலீனா ஜன்னல் பக்கம் திரும்பி, பிரிக்கவில்லையாம் என்று ஊருக்குச் சொன்னாள்.

"உங்களையும் சந்தேகப்பட்டேன்," என்றார் அம்மையார். "நாலு வருடமாக உங்கள் பிள்ளை நாலாம் வகுப்பிலேயே இருக்கிறாள். வயதும் ஏறவில்லை. மக்குப் பிள்ளையா, இல்லை மக்குப் பொய்க்காரியா என்று யோசித்தேன்."

"பிறகு ஏன் அனுப்பினீர்கள்?"

"நான் நிறுத்தி, பிள்ளை நிஜமாக இருந்துவிட்டால், அது பட்டினி. நான் அனுப்பி, பிள்ளை பொய்யாக இருந்துவிட்டால், நான் முட்டாள். முட்டாளாக இருப்பது எனக்குப் பழக்கம், கடை வைத்திருந்தவள்தானே." அந்தப் பக்கம் உறையை மேசைமேல் தட்டுகிற சத்தம் கேட்டது. "இதைப் பிரிக்க மாட்டேன். நீங்கள் சொல்கிறீர்கள் என்பதற்காக எரிக்கவும் மாட்டேன். நீங்கள் பொய்க்காரி என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். ஜனவரியில் கையோடு கொண்டுவருகிறேன். பார்த்துவிட்டு முடிவு செய்வேன்."

அன்றிலிருந்து ஜனவரிவரை இலந்தைத்தேரியில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. காய்ச்சல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. கடல்தாண்டி ஒரு மேசைமேல் உறை கிடக்கிறது, பூனை கிழித்துவிட்டால் என்ன செய்வது, அந்த அம்மாளுக்கு மறதி வந்து பிரித்துவிட்டால் என்ன செய்வது என்று பீடித்தட்டுகளைச் சுற்றி அதே பேச்சு. ஒருபக்கம், டீச்சர் கதைவிட்டு நம்மையெல்லாம் ஏமாற்றுகிறாள் என்றும் பேசிக்கொண்டார்கள். இரண்டையும் ஒரே வாயால் பேசுவது அவர்களுக்குக் கஷ்டமாக இல்லை. ஒரு சாயங்காலம் ஆறு மணிக்குப் பிள்ளை முழந்தாளிட்டபோது, ரெஜினாள் பீடித்தட்டை இறக்கி வைத்துவிட்டுத் தானும் முழந்தாளிட்டாள். எதற்கும் ஒரு காப்பு என்றாள்.

ஹெட்விக் அம்மையார் சொன்ன தேதிக்கு ஒரு நாள் முன்னாலேயே, தோரணம் கட்டுவதற்குள், ஆட்டோவில் வந்து இறங்கிவிட்டார். வரவேற்பில் தனக்கு நம்பிக்கை இல்லை என்றார். பங்களாவுக்குப் போகாமல் நேரே விடுதிச் சமையற்கட்டுக்குப் போய் ஒவ்வொரு பாத்திரமாக மூடியைத் திறந்து முகர்ந்தார். தட்டுகளை எண்ணினார். பிள்ளைகளோடு தரையில் உட்கார முடியாமல் முக்காலி போட்டு உட்கார்ந்து, அவர்கள் சாப்பிட்ட சாம்பார் சோற்றையே சாப்பிட்டார். மூன்று நாள் இப்படிப் பார்த்தார். செலஸ்தீனாளைத் தொட்டு, கிள்ளி, சடையைப் பிழிந்து, நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார். பிள்ளை ஆறு மணிக்கு அவருடைய முழங்காலுக்காக அவர் முன்னாலேயே ஜெபித்தபோது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மூன்றாம் நாள் மத்தியானம், எல்லோரும் பார்க்க, கைப்பையைத் திறந்து உறையை எடுத்தார். ஊர் ஓரடி பின்வாங்கியது. அவர் அதைப் பவுலீனாவிடம் நீட்டினார். "உங்களுடையதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். இனிமேல் பணம் சமையற்கட்டுக்கு வரும், எந்தப் பிள்ளையின் பெயரிலும் வராது. எனக்குக் கடிதம் வேண்டாம், நன்றியும் வேண்டாம். எத்தனை தட்டு என்று மட்டும் எழுதுங்கள்."

உறையை வாங்கிக்கொண்ட பவுலீனா என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள். எரித்தால் புகை அந்தப் பிள்ளை மேலேயே போய்ப் படும் என்றார் ஒருவர். கிழித்தால் காற்று ஒட்டவைத்துப் படிக்கும் என்றாள் ரெஜினாள். புதைத்தால் நாய் தோண்டும். ஒன்றையும் நம்ப முடியாத ஊரில், தன் வயிற்றைத் தவிர எதையும் பவுலீனாவால் நம்ப முடியவில்லை. உறையைப் பிரிக்காமலே மடித்து, வாயில் போட்டு, மென்று விழுங்கினாள். நனைந்த அட்டையைப்போலக் கசந்தது. தண்ணீருக்காக அவள் திணறியபோது செலஸ்தீனாள் ஒரு சடையைப் பிழிந்து கொடுத்தாள், அது குளிர்ந்திருந்தது.

அன்று சாயங்காலம் பவுலீனாவுக்குக் காய்ச்சல் வந்தது. எழுதியிருந்தபடி பத்து நாள் அடித்தது. ஊர் முறைபோட்டு வந்து பார்த்தது, பாதிப்பேர் கஞ்சியோடும் பாதிப்பேர் நடிக்கிறாளா என்று பார்க்கவும் வந்தார்கள். பத்தாம் நாள் உபதேசியார், சாகக் கிடப்பவர்களுக்கு எண்ணெய் பூசுகிற அவஸ்தைப்பூசுதலுக்குச் சாமியைக் கூட்டிக்கொண்டே வந்துவிட்டார். ஆனால் அவள் சாகவில்லை. காய்ச்சலுக்கு யார் பெயரும் போடவில்லை, அதனால் யாரை வேண்டுமானாலும் பிடித்துக்கொள்ளும், சாவுக்குத்தான் செலஸ்தீனாள் என்று பெயர் எழுதியிருந்தது, பெயர் செரித்துப்போய்விட்டது என்றார் உபதேசியார். அதையும் முழுசாக நம்பவில்லை அவர்.

பதினோராம் நாள் பவுலீனா சுவரைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்குப் போனாள். இருபத்தாறு பெயரையும் கூப்பிட்டாள். பிறகு பதிவேட்டின் இருபத்தேழாவது கோட்டுக்கு வந்து, மாணவி பெயர் என்ற கட்டத்துக்கும் பெற்றோர் அல்லது பாதுகாவலர் என்ற கட்டத்துக்கும் நடுவில் பேனாவை வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். இரண்டாவது கட்டத்தில் என்ன எழுத வேண்டும் என்று படுத்திருந்த பத்து நாளும் அவள் நினைத்துவைத்திருந்தாள். எழுதினால் அது அப்படியே ஆகிவிடும் என்று அவளுக்குத் தெரியும். அது வேண்டும் என்று அவளுக்கு ஆசையாக இருந்தது, அவ்வளவு ஆசையாக எதையும் அவள் கேட்டதில்லை. பேனா முனை தாளைத் தொடப் போனது. தொடவில்லை. அவள் நிமிர்ந்து இரண்டாவது பெஞ்சின் கோடியைப் பார்த்தாள்.

"ஏட்டி, செலஸ்தீனா," என்றாள். "ஒன்னப் பத்தி ஒண்ணு எழுதணும். எழுதட்டுமா?"

பிள்ளை எழுந்து நின்றது. அன்புள்ள டீச்சருக்கு என்று ஆரம்பிக்கும் என்று வகுப்பே காத்திருந்தது. அது நெற்றியைச் சுருக்கி, பேனாவையும் டீச்சரையும் மாற்றி மாற்றிப் பார்த்தது, இந்த ஊர்க்காரப் பிள்ளைகள் பார்க்கிற அதே பார்வையில்.

"என்னத்த எழுதப் போறிய?" என்றது. "மொதல்ல அதச் சொல்லுங்க."

பவுலீனா பேனாவை மூடி வைத்துவிட்டு, பெஞ்சுக்குப் போய் அதன் பக்கத்தில் உட்கார்ந்து, சொல்ல ஆரம்பித்தாள்.